படித் திருப்பத்தில் நின்ற கண்ணாடி

அந்தக் கண்ணாடி ஏழடி நீளம், ஐந்தடி உயரம், ஐந்து மில்லிமீட்டர் கனம். முகம் பார்க்கிற கண்ணாடி. ஒட்டில்லாத ஒரே துண்டு. எடை நாற்பது கிலோவுக்குக் குறையாது. அது போய்ச் சேர வேண்டிய இடம் எங்கள் தெருமுனைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் உடற்பயிற்சிக்கூடம். தூக்கியவர்கள் இரண்டு பேர்: கண்ணாடிக்கடைக்காரரும் அவர் மனைவியும். அந்த அம்மாவைத் தெருவில் எல்லோரும் கண்ணாடியம்மா என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருஷமாக ஒரே கண்ணாடியின் இரண்டு முனைகளைப் பிடித்துக் குடும்பம் நடத்தியவர்கள். நான் சொல்லப்போகிற சனிக்கிழமை, அவர்கள் மனம்விட்டுப் பேசாமல் இருந்த எண்பத்து நான்காவது நாள்.

நாட்களை எண்ணி வைத்திருந்தது டீக்கடை அக்கா. அவர் கடைக்கு நேர் எதிரே கண்ணாடிக்கடை. பால் பொங்குகிறதா என்று பார்க்கிற அதே கவனத்தோடு எதிர்க்கடையையும் பார்ப்பார்.

இரண்டு பேர் கண்ணாடி தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமுமாகப் பிடிப்பார்கள். முன்னால் போகிறவர் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். "படி" என்றால் "படி". "வாசல்" என்றால் "வாசல்". பதில் வராமல் முன்னவர் ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது. முகக் கண்ணாடி என்றால் இது இன்னும் முக்கியம். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, காதுதான் கண்.

அந்தக் காலத்தில் இந்தத் தம்பதி கண்ணாடி தூக்கிப் போவதைக் கேட்கவே சுகமாக இருக்கும்.

"படி. நேத்து உங்க தங்கச்சி போன் பண்ணினா."

"படி. என்னவாம்?"

"வாசல். மாப்பிள்ளைக்கு வேலை மாத்தலாம்."

"வாசல். அவனுக்கு எந்த வேலையும் ஒரு வருஷம் தாங்காது."

"திருப்பு. உங்களுக்கு மட்டும் என்ன, ஒரு சட்டை ஒரு வருஷம் தாங்குதா?"

அவர்கள் சண்டை, சமாதானம், மகளின் பரீட்சை மார்க்கு எல்லாம் இப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. மகள் படிக்க வெளியூர் போனாள். அதன்பின் பேச்சு கொஞ்சம் குறைந்தது. ஆனால் நின்றுபோகவில்லை. நின்றது வேறொரு நாளில்.

ஒரு வக்கீல் வீட்டு வாசலில் சாப்பாட்டு மேசைக்கான கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. வக்கீல் குடும்பம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் ஒரு நொடி தன் கையைப் பார்த்தார். பிறகு வக்கீலிடம், "மன்னிச்சுக்குங்க சார். இவ பிடி நிக்கல. முன்ன மாதிரி கையில பலமில்ல" என்றார்.

கண்ணாடியம்மா துடைப்பம் வாங்கி ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். வீடு திரும்பும் வழி முழுக்கத் தள்ளுவண்டியின் சக்கரம் மட்டும்தான் பேசியது.

அன்றிலிருந்து தூக்கும்போது "படி", "வாசல்", "திருப்பு", "வை". வேறு சொல் கிடையாது. கடையில் சொல்ல வேண்டியதைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டார்கள். 'சாப்பாடு மூடி இருக்கிறது.' 'பள்ளிக்கூட ஜன்னல் செவ்வாய்.' 'வெட்டுக்கத்தி மழுங்கல்.' ஒருநாள் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதியிருந்தது. யாருக்குக் காய்ச்சல் என்று தெரிந்துகொள்ள டீக்கடை அக்காதான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

தெருவுக்கு இரண்டு விஷயங்கள் தெரியும்; அந்த இரண்டு பேரில் ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. வேடிக்கை அதுதான்.

முதல் விஷயம், கண்ணாடிக்காரருடைய இடது கை. சுண்டு விரலும் மோதிர விரலும் நாலு மாதமாக மரத்துக் கிடந்தன. ஊசியால் குத்தினாலும் உறைக்காது. இதை மருந்துக்கடைக்காரரிடம் மட்டும் சொல்லித் தைலம் வாங்கிப்போவார். "பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "காட்டினா தூக்காதேன்னுதானே சொல்வான்? தூக்காம நான் என்ன செய்ய? என் வீட்ல சொல்லிடாதே" என்பார்.

இரண்டாவது, கண்ணாடியம்மா போகப்போகிறார் என்பது. பக்கத்து ஊரில் அவருடைய அக்கா தையல் கூடம் வைத்திருக்கிறார். "வந்துடு, இங்கேயே தங்கிக்கலாம்" என்று அக்கா கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமை காலை போவதாக வாக்கும் கொடுத்தாகிவிட்டது. இதை டீக்கடை அக்காவிடம் சொல்லும்போது அந்த அம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாராம்.

"இத்தனை வருஷத்துல ஒண்ணை நான் கீழ விட்டதில்லக்கா. இப்ப விட்டுட்டேன். தினமும் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா தூக்கும்போது நடுங்குது. இன்னொரு தடவை விட்டேன்னா, அது அவர் கால்ல விழும். அதுக்கு முன்னாடி போயிடறேன்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சுவத்துல எழுதணுமா?"

மருந்துக்கடைக்காரர் தைலத்தின் கதையை டீக்கடையில் சொன்னார். டீக்கடை அக்கா தையலின் கதையை மருந்துக்கடையில் சொன்னார். இருவரும், "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லித்தான் சொன்னார்கள். ஒரு வாரத்தில் நான் உட்படத் தெருவில் முப்பது பேருக்குத் தெரியும். ஆனால் புருஷன் பெண்டாட்டி நடுவில் போய் யார் வாயைத் திறப்பது? ஒருவரும் திறக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் உடற்பயிற்சிக்கூட மாஸ்டர் கடைக்கு வந்தார். தோளைப் பக்கவாட்டில் திருப்பித்தான் அவரால் வாசலில் நுழைய முடியும். கண்ணாடிக்காரர் அப்போது கடையில் இல்லை.

"அக்கா, செவுத்துக்கு முழுசா ஒரே கண்ணாடி வேணும். நடுவுல ஒட்டு வந்தா ஆளு ரெண்டா தெரியறான். பையனுங்க இடது கை பெருசு, வலது கை சின்னதுன்னு அழறானுங்க."

கண்ணாடியம்மா போய்ச் சுவரை அளந்தார்: ஏழுக்கு ஐந்து. கண்ணாடி ஆலைக்கு ஆர்டர் சொல்லிவிட்டார். மறுநாள் கண்ணாடிக்காரர், வேலை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் பங்குக்குப் போய் மாடிப்படியை அளந்தார். நடுவில் படி திரும்பும் இடத்தில் ஆறடிக்கு மேல் எதுவும் திரும்பாது. கடைக்கு வந்து சுவரில் 'திருப்பம் 6' என்று எழுதினார். அந்த அம்மா அதைப் பார்த்தார். வேறு ஏதோ வேலைக்கு என்று விட்டுவிட்டார். என்ன வேலைக்கு என்று கேட்கவில்லை.

ஆக, சுவரின் அளவு ஒருவரிடம், படியின் அளவு இன்னொருவரிடம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பது அவர் கட்சி. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன் என்பது அந்த அம்மாவின் கட்சி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆலை வண்டி வந்தது. நல்ல வெயில், விட்டுவிட்டுக் காற்று. கண்ணாடியை இறக்கினார்கள். கண்ணாடிக்காரர் அதன் நீளத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.  "தூக்கு" என்றார்.

அந்த அம்மா மேலே, பின்னோக்கி ஏறியபடி. அவர் கீழே, பாரம் தாங்கியபடி. பதினொரு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல், ஒரு பதில். பன்னிரண்டாவது இடம், திருப்பம்.

"திருப்பு."

"திருப்பு."

திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள். மேல் மூலை கூரையில் 'டக்'கென்று இடித்தது. சாய்த்தார்கள். ஒரு விளிம்பு கைப்பிடிக் கம்பியில் போய் நெருக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. மடித்த சாக்கை அடியில் கொடுத்து நிறுத்தினார்கள். மாடிப்படியை ஒரு கதவு மாதிரி மூடிக்கொண்டு நின்றது கண்ணாடி. பளபளப்புப் பக்கம் மேலே இருந்த அந்த அம்மாவுக்கு. சாம்பல் பூச்சுப் பூசிய முதுகு கீழே இருந்த அவருக்கு.

மேலே முதல் மாடியில் பல் டாக்டர். அங்கே வாயில் பஞ்சு வைத்து அனுப்பப்பட்ட ஒரு பெரியவர் வீட்டுக்குப் போகப் படியிறங்கி வந்து, வழியில்லாமல் நின்றார். அவருக்குப் பின்னால் உடற்பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகள் வியர்வையோடு எட்டுப் பேர். கீழே நாங்கள்: மருந்துக்கடைக்காரர், டீக்கடை அக்கா, நான், இன்னும் பல் வலியோடு மேலே போக வேண்டிய நாலு பேர்.

"ஆறடிதான் திரும்பும்" என்றார் கண்ணாடிக்காரர், கண்ணாடியின் முதுகைப் பார்த்து.

அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அளந்தேன். செவுத்துல எழுதியிருந்தேனே."

"அது இதுக்கா? அப்ப, காலைல வண்டியிலேர்ந்து இறக்கும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே பதினொரு படி தூக்கிட்டு வந்தீங்களா?"

"நீ என்னைக் கேட்டா ஆர்டர் குடுத்த?"

"ஐயோ, இந்த மனுஷனை நான் என்ன செய்யறது!" அந்த அம்மா திரும்பி, மேலே நின்றவர்களிடம் முறையிட்டார். "கேட்டீங்களா தம்பிங்களா? நான் விழுந்து எழட்டும்னு வேடிக்கை பார்க்கத் தூக்கிட்டு வந்திருக்கார்!"

"தப்பு அண்ணே!" என்று மேலேயிருந்து மாஸ்டர் கத்தினார். பஞ்சு வைத்த பெரியவர் "ம்ம்! ம்ம்ம்!" என்று ஆமோதித்தார்.

"ஒரு ஆளைக் கேக்காம முடிவு பண்றதும் தப்புதான்" என்றார் கீழேயிருந்து மருந்துக்கடைக்காரர்.

"நீங்க சும்மா இருங்க" என்று டீக்கடை அக்கா அவர் முழங்கையை இடித்தார்.

வேறு நாளாக இருந்தால் இந்த இடத்தில் ஒருவர் கடைக்குள்ளும் மற்றவர் அடுப்படிக்கும் போயிருப்பார்கள். இன்று போக இடமில்லை. கையை விட்டால் நாற்பது கிலோவும் சரியும். இரண்டு பேரும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். நிற்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"சரி, இதுவும் கேட்டுக்குங்க" என்றார் கண்ணாடியம்மா. குரல் தணிந்திருந்தது. "இதுதான் நான் தூக்கற கடைசிக் கண்ணாடி. திங்கட்கிழமை அக்காகிட்ட போறேன். தையலுக்கு. அங்கேயே தங்கறேன்."

கண்ணாடிக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் எல்லோரும் வேறு வேறு திசையைப் பார்த்தோம்.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

டீக்கடை அக்கா மட்டும் தலையை ஆட்டினார்.

"ஏன் போறே?" என்று கண்ணாடிக்காரர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். சுவரில் எழுதிய அந்த 'வெட்டுக்கத்தி மழுங்கல்' குரல் இல்லை இது.

"ஏனா? பிடி நிக்காதவளை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? வக்கீல் வீட்ல அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே. அன்னைலேர்ந்து ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தூக்கறேன். இப்பக் கூட நடுங்குது. என்னால முடியலங்க."

 கண்ணாடிக்காரரின் இடது கையை நான் பார்த்தேன். மூன்று விரல் கண்ணாடியைப் பிடித்திருந்தன. இரண்டு விரல் அதன் மேல் சும்மா ஒட்டியிருந்தன. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை.

"இந்தா" என்றார்.

"என்ன?"

"அன்னைக்கு உன் கையிலேர்ந்து விழல."

"எது?"

"மேசைக் கண்ணாடி. என் கையிலேர்ந்துதான் நழுவிச்சு. இடது கையில ரெண்டு விரல் செத்துப் போச்சு. நாலு மாசமாச்சு. பிடிச்சிருக்கேனா விட்டுட்டேனான்னே தெரியாது. உன் மேல பழியைப் போட்டுட்டேன். வாய்ல வந்துடுச்சு. அப்புறம் எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல."

நான் எதிர்பார்த்தது அழுகை. மருந்துக்கடைக்காரர் எதிர்பார்த்தது வசவு. இரண்டும் இல்லை. மேலேயிருந்து ஒரு கூச்சல் வந்தது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி ஒரு கூச்சல்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா!"

"நல்லாத்தான் இருக்கு."

"என் பிடி நின்னுச்சா?"

"நின்னுச்சு. உன் முனை கடைசியாத்தான் விழுந்துது."

"தம்பிங்களா, கேட்டீங்களா? ஐயா, பஞ்சு ஐயா, கேட்டீங்களா? என் கை நல்லாத்தான் இருக்காம்! நான் விடலயாம்!" எட்டுப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். பெரியவர் "ம்ம்ம்!" என்று கையை உயர்த்தினார். டீக்கடை அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் முழுசாக நின்றது. அதன்பிறகுதான் வசவு வந்தது. வந்தது என்றால், படிப்படியாக உருண்டு வந்தது.

"எண்பத்து நாலு நாள்! ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி என் உள்ளங்கை கன்னிப்போய்க் கிடக்கு! பார்த்துக்கிட்டே எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே, மனுஷனா நீங்க? இருங்க. ரெண்டு விரல் செத்த கையோடயா இப்ப அடிப் பாரத்தைத் தாங்கிக்கிட்டு நிக்கறீங்க?"

"ஆமா."

"கையை எடுங்க! முதல்ல கையை எடுங்க! மருந்துக்கடைத் தம்பி, நீங்க அந்த முனையைப் பிடிங்க. நீங்களும் பிடிங்க" (இது என்னை). "பிடிச்சாச்சா? திருப்பிச் சொல்லணும்!"

"பிடிச்சாச்சு" என்றோம்.

"ஏங்க, நீங்க கையை வைக்காதீங்க. வாயை மட்டும் குடுங்க. கீழே இறக்கச் சொல்லுங்க."

அவர் சொன்னார், நாங்கள் திருப்பிச் சொன்னோம். ஆறு கை சேர்ந்து நிமிர்த்தியதும் கம்பியில் நெருக்கியிருந்த விளிம்பு விடுபட்டது. பதினொரு படி இறங்குவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தெருவுக்கு வந்ததும் அந்த அம்மா அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார்.

"வெட்டி ரெண்டாக்கிடலாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஒட்டு வேணாம்கா!" என்று மாஸ்டர் அலறினார்.

"வெட்ட வேணாம். பால்கனி எட்டடி அகலம். கயிறு போட்டு வெளிப்பக்கமா ஏத்தினா?" என்றார் அந்த அம்மா.

அவர் யோசித்தார். எண்பத்து நான்கு நாளில் முதன்முறையாக மனைவியின் முகத்தைப் பார்த்து யோசித்தார். "ஏத்தலாம். நீ மேலே நில்லு. காத்தை மட்டும் நான் கீழேயிருந்து பார்த்துக்கறேன்."

பழைய மெத்தை விரிப்பைச் சுற்றினார்கள். அடியில் பலகை கொடுத்து, அகலப் பட்டையால் இரண்டு இடத்தில் கட்டினார்கள். முடிச்சு ஒவ்வொன்றையும் அந்த அம்மா இழுத்துப் பார்த்தார். அவர் சொல்ல, மறுபடி இழுத்துப் பார்த்தார். மேலே பால்கனியில் எட்டுப் பிள்ளைகளும் மாஸ்டரும். கீழே சுவரில் மோதாமல் இழுத்துப் பிடிக்க இரண்டு பக்கக் கயிறுகள்: வலது கயிற்றில் நானும் மருந்துக்கடைக்காரரும், இடது கயிற்றில் டீக்கடை அக்காவும் மூன்று பேரும். தெரு இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. ஒரு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். விஷயம் தெரிந்ததும் இறங்கி வந்து இடது கயிற்றைப் பிடித்தார்.

"இழு!" கீழேயிருந்து அவர்.

"இழு!" மேலேயிருந்து அம்மா.

கண்ணாடி தரையைவிட்டு எழும்பியது.

"ஏன் சொல்லல? அதைச் சொல்லுங்க முதல்ல!" என்று மேலேயிருந்து கேள்வி இறங்கியது.

"வலது தளர்த்து! பயமா இருந்துச்சு!"

"வலது தளர்த்து! என்ன பயம்?"

"இழு! நீ வேற ஆளை வச்சுத் தூக்கிக்குவியோன்னு!"

"இழு! உங்களை விட்டுட்டு நான் எவனோட கண்ணாடி தூக்குவேன்? நில்லு, நில்லு! கம்பி இடிக்குது!"

"நில்லு! இடது இழு! அதான் தையலுக்குப் போறேங்கறியே!"

"இடது இழு! போகச் சொன்னது யாரு? உங்க வாய்தானே?"

முதல் மாடி ஜன்னலைத் தாண்டும்போது காற்று வந்தது. விரிப்பு ஒரு பக்கம் நழுவியது. கண்ணாடி வெயிலைப் பிடித்து வீசியது. கதவளவு வெளிச்சம் மருந்துக்கடைப் பலகை, டீக்கடைக் கூரை, எதிர்வீட்டு ஜன்னல் என்று தெரு முழுக்கப் பாய்ந்து ஓடியது. ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணாடி சுவரைவிட்டு விலகி, திரும்பச் சுவரை நோக்கி வர ஆரம்பித்தது. என் உள்ளங்கையில் கயிறு எரிந்தது.

"ரெண்டு பக்கமும் கெட்டியா! யாரும் இழுக்காதீங்க, விடவும் விடாதீங்க!" அவர் குரல் தெருவை நிறைத்தது. "மேலே என்ன தெரியுது? சொல்லு!"

"செவுத்துக்கு ரெண்டு கை தூரம் இருக்கு! ஒரு கை! நின்னுடுச்சு! நின்னுடுச்சுங்க!"

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்! என் கை நல்லாத்தான் இருக்கு!"

தெரு முழுக்கச் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக இழுத்தோம். பதினொன்றே முக்காலுக்குக் கண்ணாடி பால்கனிக் கம்பியைத் தாண்டி உள்ளே போயிற்று. ஒரு கீறல் இல்லை. பல் டாக்டரே வெளியே வந்து கை தட்டினார். பஞ்சை இன்னும் எடுக்காத அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகாமல் கடைசி வரை நின்றிருந்தார்.

ஆனாலும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிம்மதியில்லை. தையல் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கடை மூடிக் கிடந்தது. உள்ளே பேச்சுக் குரல் மட்டும் நிற்காமல் கேட்டது. ஒருமுறை பாத்திரம் விழுந்தது. ஒருமுறை அந்த அம்மா சிரித்தார். டீக்கடை அக்கா இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கண்ணாடியம்மா நல்ல உடை உடுத்தி, கையில் பையோடு வெளியே வந்தார்.  பின்னாலேயே கண்ணாடிக்காரர் வந்து கடையைப் பூட்டினார். பூட்டு இடது கையில் நிற்காததால் அந்த அம்மா பிடித்துக்கொள்ள, இவர் சாவியைத் திருப்பினார்.

"கிளம்பிட்டியா?" என்றார் டீக்கடை அக்கா.

"ஆமாக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்கு. இந்த ரெண்டு விரலையும் காட்டணும். அப்படியே அக்கா வீட்டுக்குப் போய், வரலைன்னு நேர்ல சொல்லிட்டு வரணும்."

"வரலைன்னு எதுக்கு அடிச்சுச் சொல்றே?" என்றார் கண்ணாடிக்காரர். "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு. கை சரியாகலைன்னா?"

"சரியாகலைன்னா மாஸ்டர்கிட்ட ரெண்டு பிள்ளைங்களைக் கேட்பேன். அவங்க தூக்கட்டும். நீங்க நின்னு சொல்லுங்க."

"எவ்வளவு நாளைக்குச் சொல்லிக்கிட்டே நிக்கிறது? அதுக்கு யாராவது ஆள் வைப்பாங்களா?"

"நான் வைப்பேன்."

"உனக்குத் தையல் பிடிக்குமா, பிடிக்காதா? அதைச் சொல்லு முதல்ல. நான் அதை இன்னும் கேக்கவே இல்ல."

அந்த அம்மா நின்றுவிட்டார். பையைக் கை மாற்றினார். "பிடிக்கும்" என்றார் மெதுவாக. "உக்காந்து செய்யற வேலை. ஆனா அங்க போனா யாரோட..." என்று தொடங்கினார். டீக்கடைப் பக்கம் பஸ் வந்து நின்றது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"யாரோட, சொல்லு" என்றார் அவர்.

"இருங்க, சொல்றேன். அவசரப்படாதீங்க."

அந்த பஸ் போயிற்று. டீக்கடை அக்கா, "பஸ்! பஸ்!" என்று கத்தியும் பயனில்லை. ஒன்பது மணி பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார், "என்ன சார், ஏறுறீங்களா, பேசுறீங்களா?"

கண்ணாடிக்காரர் திரும்பாமலே கையைக் காட்டினார். "நீங்க போங்க, நாங்க பின்னால வர்றோம்."